தாத்தாவின் தியசாபியும் அக்கா மகனின் பிசியோதெரபியும்

கேள்வி: நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை, வயது 36. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பிரம்மஞான சபைதான், அதாவது தியசாபிகல் சொசைட்டி. தாத்தா எங்கள் ஊர் லாட்ஜின், அதாவது சபைக் கிளையின், செயலாளராக இருந்தவர். அப்பாவுக்கு இப்போது 78, இன்றும் ஞாயிறு கூட்டத்தைத் தவறவிட மாட்டார். எல்லா மதத்தையும் மதிக்கப் பழகியது, வாசிக்கப் பழகியது எல்லாம் எனக்கு அங்கேதான். ஆனால் மனிதகுலம் மூல இனங்களாக ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றியது, லெமூரியா என்ற மூழ்கிய கண்டம், ஞானதிருஷ்டியில் பார்த்த அணு என்று வரும்போது வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பதற்கும் அதற்கும் ஒட்டவே இல்லை. அடுத்த மாதம் லாட்ஜில் ‘தியசாபியும் நவீன விஞ்ஞானமும்’ என்று நான் பேச வேண்டுமாம். குவாண்டம் கொள்கை நம்மை நிரூபித்துவிட்டது என்று சொல்லச் சொல்கிறார் அப்பா. இதற்கிடையில், அக்காவின் ஆறு வயது மகனுக்குப் பெருமூளை வாதம். கூட்டத்துக்கு வரும் ஒரு பெரியவர் அக்காவிடமே, ‘இது அவன் முற்பிறவிக் கணக்கு, தீர்த்துக்கொள்ளட்டும்’ என்று சொல்லிவிட்டார். இன்னொருவர் உடம்பைத் தொடாமலே சக்தி கொடுத்துக் குணப்படுத்துகிறேன் என்கிறார், அக்காவும் பிசியோதெரபியைக் குறைத்துக்கொண்டு அங்கே போகிறாள். இந்த நம்பிக்கைகளையும் விஞ்ஞானத்தையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது? இல்லை, விட்டுவிட வேண்டியதுதானா? தாத்தாவின் புத்தகங்கள் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன, அவற்றை என்ன செய்வது? (ஒரு வாசகி, கோவை)

அன்புள்ள ஆசிரியைக்கு,

நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அவசரமானது ஒன்றுதான், அதை நீங்கள் கடிதத்தின் நடுவில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். பிசியோதெரபியைக் குறைத்தது. மற்றதெல்லாம் அடுத்த மாதம் பேசலாம், பத்து வருஷம் கழித்தும் பேசலாம். இது இந்த வாரமே சரியாக வேண்டும்.

பெருமூளை வாதத்தில் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு ஒரு தடவை நடந்து முடிந்தது. கருவிலோ, பிரசவ நேரத்திலோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ. அது நாளுக்கு நாள் பெருகுவதில்லை. பெருகுவது தசையின் இறுக்கம். பையன் உயரமாகிறான், எலும்பு வளர்கிறது, இறுகிய தசை கூடவே நீளவில்லை என்றால் குதிகால் தரையில் படாது, முழங்கால் மடங்கியே நிற்கும், சில பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டே மெல்ல விலகிவிடும். தினமும் நீட்டிவிடுவதும் கால் பட்டை போடுவதும் இதைத் தடுக்கத்தான். ஆறு வயதில் ஆறு மாதம் விட்டுவிட்டு ஏழு வயதில் பிடித்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. அதனால் அக்காவிடம், ‘அங்கே போகாதே’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘அங்கே போறதுன்னா போ, ஆனா பிசியோ ஒரு நாள்கூடத் தப்பக் கூடாது, வேணும்னா நான் கூட்டிட்டுப் போறேன்’ என்று சொல்லுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் பள்ளி விட்டதும் நீங்களே அவனைத் தூக்கிக்கொண்டு போனால், பத்து விவாதத்தில் நடக்காதது நடக்கும். அக்கா அங்கே போவதற்குப் பாதிக் காரணம் சக்தி அல்ல. அரை மணி நேரம் ஒருவர் அவள் பிள்ளையைக் கவனமாகப் பார்க்கிறார், அவளைக் குறை சொல்லாமல் உட்கார வைக்கிறார். என்னிடம் வரும் அம்மாக்கள் வருஷக்கணக்காகத் தேடுவதும் இதைத்தான்.

அந்தத் தொடாத சிகிச்சைக்கும் உங்கள் சபைக்கும் ஒரு உறவு உண்டு. 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் டோலரஸ் க்ரீகர் என்ற நர்சிங் பேராசிரியையும் டோரா குன்ஸ் என்பவரும் சேர்ந்து இந்த மாதிரி ஒரு முறையை உருவாக்கினார்கள். நோயாளியின் உடம்புக்கு மேலே சில அங்குல உயரத்தில் கையை ஓட்டி, அங்கே இருக்கும் சக்தி மண்டலத்தைச் சரிசெய்வது. டோரா குன்ஸ் பிறகு அமெரிக்கத் தியசாபிகல் சொசைட்டிக்குத் தலைவராகவே இருந்தவர். ஆயிரக்கணக்கான நர்சுகள் இதைக் கற்றுக்கொண்டார்கள். சரி, கையால் அந்த மண்டலத்தை உணர முடிகிறது என்கிறார்களே, உண்மையிலேயே முடிகிறதா என்று சோதித்தவர் யார் தெரியுமா? எமிலி ரோசா என்ற சிறுமி. நான்காம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்காகச் செய்தாள், அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

நடுவில் ஒரு அட்டைத் தடுப்பு, அடியில் இரண்டு ஓட்டை. சிகிச்சை செய்பவர் இரண்டு கையையும் ஓட்டை வழியாக நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க வைத்துக்கொள்வார். இந்தப் பக்கம் எமிலி காசு சுண்டிப் பார்த்து, பூவோ தலையோ விழுந்தபடி, அவருடைய இடது கைக்கோ வலது கைக்கோ மேலே சில அங்குலத்தில் தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கைக்கு மேலே என்று அவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 21 பேர், 280 தடவை. சரியாகச் சொன்னது 123, அதாவது 44 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைச் சொல்லியிருந்தால்கூட பாதி சரியாக வந்திருக்க வேண்டும்! 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளியானது. உங்கள் மாணவர்களுக்கு இதைச் செய்துகாட்டுங்கள், ஒரு அட்டைப்பெட்டியும் ஒரு ரூபாய் நாணயமும் போதும். அந்த 21 பேரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். உணர்கிறோம் என்று மனதார நம்பினார்கள், ஒரு சிறுமியின் முன்னால் கூச்சமில்லாமல் கையை நீட்டினார்கள். மனதார நம்புவதும் உண்மையாக இருப்பதும் வேறு வேறு என்று அன்றைக்குத் தெரிந்துபோனது.

இப்போது அந்தப் பெரியவர் சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன், மூன்று முறையும் அங்கேதான் நின்றேன்.

பல வருஷத்துக்கு முன் என்னிடம் ஒரு அம்மா வந்தார், அவர் மகனுக்கும் இதே நிலைமைதான். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. விசாரித்துக்கொண்டே போனால், யாரோ ஒருவர் அவரிடம் இது பாவக் கணக்கு என்று சொல்லியிருக்கிறார். அதிலிருந்து இவர் தன் வாழ்க்கையையே தோண்ட ஆரம்பித்துவிட்டார். மாமியாரிடம் எதிர்த்துப் பேசியது, தங்கை கல்யாணத்துக்கு நகை தராதது, கடைசியில் எட்டு வயதில் விளக்குமாற்றால் ஒரு பல்லியை அடித்துக் கொன்றது. அந்தப் பல்லியைப் பற்றிச் சொல்லும்போது உடம்பு நடுங்க அழுதார். அந்தப் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன், பிறந்தவுடன் மஞ்சள் காமாலை கடுமையாக இருந்திருக்கிறது. காரணம் பிரசவக் கோப்பில் ஒரு பக்கத்தில் எழுதியிருந்தது. அதை அவருக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை, பாவக் கணக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

கர்மம் உண்டா, மறுபிறவி உண்டா என்று கேட்டால், என் தொழிலில் அதற்குப் பதில் கிடையாது. சோதித்துப் பார்க்க வழியில்லாத ஒன்றை ஒருவர் தன் மனதுக்கு ஆறுதலாக வைத்துக்கொண்டால் எனக்கு அதில் சண்டையும் இல்லை. ஆனால் பாருங்கள், பையன் தேறினால் கர்மம் தீர்ந்தது, தேறாவிட்டால் இன்னும் பாக்கி இருக்கிறது. எது நடந்தாலும் பொருந்தும் விளக்கத்தால் அந்தப் பையனுக்கு ஒரு பயனும் இல்லை. பயன் சொல்கிறவருக்குத்தான். பார்க்கச் சங்கடமாக இருக்கும் ஒன்றைப் பார்த்துவிட்டு, எதுவும் செய்யாமல், மனசாட்சி உறுத்தாமல் காபி குடிக்கப் போகலாம். தன் கர்மம் என்று ஒருவர் தன் வலியைப் பற்றிச் சொல்லிக்கொள்வது ஒரு விஷயம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் காலைக் காட்டி அதைச் சொல்வது முற்றிலும் வேறு விஷயம். முதலாவதை நான் மதிக்கிறேன். இரண்டாவதைச் சபையில் யாராவது ஒருவர் எழுந்து, ‘அப்படிச் சொல்லக் கூடாது சார்’ என்று சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் அங்கே இருந்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. இருந்திருந்தால் அடுத்த முறை சொல்லுங்கள்.

அந்தப் பெரியவர் சொன்னது ஏதோ அவர் குணம் என்றும் நினைக்க வேண்டாம். அது உங்கள் சபையின் பழைய புத்தகத்திலேயே இருக்கிறது, இன்னும் பெரிய அளவில். சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் 1888இல் எழுதிய பெரிய நூலின் இரண்டாம் பாகத்தில், மூல இனங்கள் பற்றிப் பேசும் இடத்தில், அமெரிக்கப் பழங்குடிகள், எஸ்கிமோக்கள், ஆஸ்திரேலியப் பழங்குடிகள், பாலினீசியர்கள் போன்றவர்கள் உலகம் முழுக்க அழிந்துவருவதைப் பற்றி எழுதுகிறார். அவர்களுடைய காலம் முடிந்துவிட்டது, ஆன்மாக்களின் அலை அவர்களைத் தாண்டிப் போய்விட்டது, அதனால் அந்த அழிவு கர்மத்தின்படி ஆகவேண்டியது என்று போகிறது அந்த வாதம். அந்த மக்கள் எப்படி அழிந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். துப்பாக்கியால், பிடுங்கப்பட்ட நிலத்தால், கப்பலில் வந்த அம்மையாலும் தட்டம்மையாலும். சுட்டவனுக்குக் கர்மம் கிடையாது, சுடப்பட்டவனுக்குத்தான் கணக்கு! லாட்ஜில் பெரியவர் உங்கள் அக்காவிடம் சொன்னதும் இதே வாக்கியம்தான், அங்கே ஒரு இனத்துக்கு, இங்கே ஒரு ஆறு வயதுப் பையனுக்கு. மூல இனக் கொள்கை பின்னாளில் ஜெர்மனி, ஆஸ்திரியாவில் இனவெறிக் கும்பல்கள் சிலவற்றுக்கு எப்படித் தீனியானது என்பதைச் சொல்லவே வேண்டாம். பிளாவட்ஸ்கி அதை நினைத்து எழுதவில்லை என்பார்கள். சரி, இருக்கட்டும். எழுதியது எழுதியதுதான்.

‘அப்படியென்றால் மொத்தமும் குப்பையா, தாத்தா முட்டாளா?’ என்று உங்களுக்கு இந்த இடத்தில் கோபம் வரலாம். இல்லை. இதே சபையின் முதல் நோக்கம் என்ன? இனம், மதம், பால், சாதி, நிறம் என்ற வேறுபாடு இல்லாத மனித சகோதரத்துவம். 1894இல் சபையின் முதல் தலைவர் கர்னல் ஆல்காட் அடையாற்றில் ஊரூர் குப்பத்தருகே, அப்போது பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி ஆரம்பித்தார், பெசன்ட் நகரில் அது இன்றும் நடக்கிறது. சேரியில் பிறந்தது அவர்கள் கர்மம், தீர்த்துக்கொள்ளட்டும் என்று அவர் நினைத்திருந்தால் பள்ளி எதற்கு? அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் பௌத்தத்தைத் தேடி இலங்கைக்குப் போனபோது வழிகாட்டியவரும் ஆல்காட்தான். ஆனால் 1909இல், ஆல்காட்டுக்குப் பின் சபைத் தலைவரான அன்னி பெசன்ட் ஒரு பத்திரிகையில், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உடனே சேர்க்கக் கூடாது, அவர்களுடைய சுத்தம், உணவு, பரம்பரை எல்லாம் வேறு என்ற ரீதியில் எழுதினார். அம்பேத்கர் பின்னாளில் அதை நீளமாக எடுத்துக்காட்டினார். லண்டனில் 1888இல் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்குத் தோள் கொடுத்த அதே அன்னி பெசன்ட்! ஆக, உங்கள் பாட்டன் சொத்தில் ஆல்காட் பள்ளியும் இருக்கிறது, அந்தக் கட்டுரையும் இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். அந்த முடிவை எடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று சபையே எழுதி வைத்திருக்கிறது. 1924 டிசம்பரில் அதன் பொதுக்குழு நிறைவேற்றிய தீர்மானத்தில், யார் சொன்ன எந்தக் கொள்கையும் எந்த உறுப்பினரையும் கட்டுப்படுத்தாது, பிளாவட்ஸ்கி உட்பட எந்த ஆசானின் சொல்லும் திணிக்கப்படாது என்று தெளிவாக இருக்கிறது. அப்பாவுக்கு இது நிச்சயம் தெரிந்திருக்கும். அதனால் ‘விட்டுவிட வேண்டுமா’ என்ற உங்கள் கேள்விக்கே அர்த்தமில்லை. மூல இனத்தை நம்பாத உறுப்பினர் விதிப்படி முழு உறுப்பினர்.

விஞ்ஞானத்துக்கு வருவோம். இதில் உங்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும், அதனால் உரைக்கு உதவும் இரண்டு விஷயம் மட்டும்.

ஒன்று, அந்த அணு. 1895இலிருந்து அன்னி பெசன்டும் சபையைச் சேர்ந்த லெட்பீட்டரும் ஞானதிருஷ்டியால் தனிமங்களை ‘பார்த்து’ படம் வரைந்தார்கள். ஹைட்ரஜனில் 18 அடிப்படைத் துகள், அதற்கு ‘அணு’ என்றே பெயர். நியானில் 360 துகள், பதினெட்டால் வகுத்தால் 20, அதுதான் அவர்கள் கணக்கில் அணு எடை. இன்னொரு வகை நியானில் 402, வகுத்தால் 22.33. இதை லாட்ஜில் யாராவது கண்டிப்பாக எழுந்து சொல்வார்: ஒரே தனிமத்தின் வேறு எடை வகையை, அதாவது ஐசோடோப்பை, நாங்கள்தான் முதலில் பார்த்தோம், ஆஸ்டன் என்ற விஞ்ஞானிகூட 1913இல் கனமான நியானுக்கு ‘மெட்டா நியான்’ என்ற பெயரை எங்கள் புத்தகத்திலிருந்துதான் எடுத்தார் என்று. பெயரை எடுத்தது உண்மைதான், மறுக்காதீர்கள், சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மெதுவாகக் கேளுங்கள். நீங்கள் பார்த்த எடையெல்லாம் அன்றைக்குப் பாடப்புத்தகத்தில் அச்சாகியிருந்த அணு எடைக்கு ஒட்டியே வந்ததே, சரி. அச்சாகாத ஒன்று, அணுவின் நடுவில் ஒரு சின்ன உட்கரு, அதைச் சுற்றிப் பெரும்பாலும் வெற்றிடம், அது ஏன் கண்ணில் படவே இல்லை? ரதர்ஃபோர்டு அதை 1911இல் சொன்னார். அணுவுக்குள்ளே நுழைந்து பார்த்தவருக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதானே. 1980இல் ஸ்டீபன் பிலிப்ஸ் என்ற இயற்பியலாளர் வந்து, அவர்கள் பார்த்தது புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குக்கும் உள்ளே இருக்கும் துகள், ஹைட்ரஜன் என்று பார்த்ததில் இரண்டு உட்கரு சேர்ந்திருந்தது, அதனால்தான் ஒன்பதுக்குப் பதிலாகப் பதினெட்டு என்று விளக்கினார். செருப்புக்குத் தகுந்த மாதிரி காலை வெட்டினால் எல்லாச் செருப்பும் பொருந்தும்.

இரண்டாவது லெமூரியா, இது நம் ஊர் சமாச்சாரம். உங்கள் லாட்ஜில் மட்டுமில்லை, தமிழ் மேடைகளிலும் இன்றைக்கும் ஓடுகிறது. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளருக்கு ஒரு புதிர். மடகாஸ்கரில் லெமூர் இருக்கிறது, அதற்குச் சொந்தக்கார விலங்கான தேவாங்கு நம் தென்னிந்தியக் காட்டில் இருக்கிறது, மடகாஸ்கருக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஆப்பிரிக்கக் கரையில் லெமூர் இல்லையே, எப்படி? கடலில் மூழ்கிய ஒரு நிலம் இரண்டையும் இணைத்திருக்கலாம் என்று யூகித்து லெமூரியா என்று பெயர் வைத்தார். அன்றைய அறிவுக்கு அது மோசமான யூகமே இல்லை. பிளாவட்ஸ்கி அந்த வெற்று நிலத்தில் ஆட்களைக் குடியேற்றினார், மூன்றாம் மூல இனம், ராட்சத உருவம் என்றெல்லாம். பிறகு நம்மவர்கள் அதைக் குமரிக் கண்டத்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டோம். 1960களில் கண்டத்தட்டுக் கொள்கை நிலைபெற்றதும் ஸ்கிளேட்டரின் புதிர் வேறு வழியில் அவிழ்ந்தது. நிலம் மூழ்கவில்லை, நிலமே நகர்ந்தது. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்து ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டு ஆகிறது, நம் இனமான மனிதனுக்கு வயது சுமார் மூன்று லட்சம்தான். மொரீசியஸில் மிகப் பழைய ஜிர்கான் படிகங்கள் கிடைத்த செய்தியை யாராவது நீட்டினால், அது உடைந்துபோன ஒரு பழைய நிலத்துண்டு, அங்கே லெமூரும் இல்லை, தமிழனும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

ஸ்கிளேட்டர் தன் யூகத்தைச் சோதனைக்கு உட்படும்படி சொன்னார், தவறிப்போனது, விஞ்ஞானம் அதைக் கீழே வைத்துவிட்டு நடந்தது. அதே யூகம் சபைக்குள் வந்ததும் புனிதமாகிவிட்டது. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே உங்கள் உரை முழுவதையும் பேசிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. குவாண்டம் வேண்டாம். அதில் ‘பார்வையாளர்’ என்றால் உணர்வுள்ள ஆத்மா என்று அப்பா நினைத்துக்கொண்டிருப்பார், அது ஆளில்லாத அறையில் இருக்கும் ஒரு கருவியாகவும் இருக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். ‘எல்லாமே அதிர்வு’ என்று யாராவது ஆரம்பித்தால் எத்தனை ஹெர்ட்ஸ் என்று நான் கேட்டுவிடுவேன், ஆனால் நீங்கள் கேட்காதீர்கள், அங்கே உட்கார்ந்திருப்பது உங்கள் அப்பா.

அப்பாவைப் பற்றித்தான் எனக்கு யோசனை. 78 வயதில் ஒருவர் தன் மகளை மேடையேற்றி விஞ்ஞானம் நம்மை நிரூபித்துவிட்டது என்று சொல்லச் சொல்கிறார் என்றால், அவர் கேட்பது நிரூபணம் இல்லை. அறுபது வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் வீணில்லை என்று யாராவது சொல்ல வேண்டும், அதுவும் படித்த மகள் சொல்ல வேண்டும். அதைப் பொய் சொல்லாமலே சொல்லலாம். நான் எல்லா மதத்தையும் மதிக்கக் கற்றது இங்கே, வாசிக்கக் கற்றது இங்கே என்று எனக்கு எழுதினீர்களே, அதையே உரையின் முதல் வரியாக வையுங்கள். உரைக்கு முந்தின வாரம் அவரிடம் வீட்டிலேயே முழுதும் வாசித்துக் காட்டிவிடுங்கள், கூட்டத்தில் திடீரென்று வேண்டாம். கோபப்படுவார், இரண்டு நாள் பேச மாட்டார், மூன்றாம் நாள் ஏதோ ஒரு வரியைத் திருத்தச் சொல்லி வருவார். அந்தத் திருத்தம் நியாயமாக இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். உதாரணமாக, பிளாவட்ஸ்கியை மோசடிக்காரர் என்று முடிவுகட்டிய 1885ஆம் ஆண்டு ஹாட்சன் அறிக்கையை நீங்கள் எடுத்தால், அதை வெளியிட்ட அதே லண்டன் அமானுஷ்ய ஆராய்ச்சிச் சங்கத்தின் இதழில் 1986இல் வெர்னான் ஹாரிசன் என்பவர் அந்த அறிக்கையின் ஓட்டைகளைக் கடுமையாக எழுதியதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று அவர் கேட்பார். அவர் கேட்பது சரி.

ஜே. கிருஷ்ணமூர்த்தியை 1909இல் அடையாறு கடற்கரையில் சிறுவனாகக் கண்டெடுத்து, உலக ஆசான் என்று அறிவித்து, அவருக்காக ஒரு இயக்கமே கட்டினார்கள். 1929 ஆகஸ்டில் ஹாலந்தில் ஓமன் முகாமில், அன்னி பெசன்ட் எதிரே உட்கார்ந்திருக்க, கிருஷ்ணமூர்த்தியே அந்த இயக்கத்தைக் கலைத்துவிட்டார். பெசன்டுக்கு அப்போது 81 வயது, வாழ்நாள் நம்பிக்கை கண்முன் உடைந்தது. ஆனாலும் இருவருக்கும் நடுவில் பாசம் முறியவில்லை, கிருஷ்ணமூர்த்திக்குப் பெசன்ட் ‘அம்மா’தான். உங்கள் வீட்டில் நடக்கப்போவது இதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

அந்தப் பெரியவரிடம் தனியாகப் பேச வேண்டி வந்தால் விஞ்ஞானத்தை எடுக்காதீர்கள், அவர் மசிய மாட்டார். 1889இல் பிளாவட்ஸ்கி எழுதிய சிறு நூல் ஒன்றில், இரக்கம் காட்ட வேண்டிய இடத்தில் சும்மா இருப்பதே கொடிய பாவச் செயலாகிவிடும் என்ற கருத்து வருகிறது. அவருக்கு அது மனப்பாடமாகவே தெரிந்திருக்கலாம். அதைச் சொல்லிவிட்டு, ‘செவ்வாய்க்கிழமை பையனை பிசியோவுக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை மாமா, உங்கள் கார் கிடைக்குமா?’ என்று கேளுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு தடவை அந்தப் பையன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு காலை நீட்டுவதை அவர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். தியானம், சைவ உணவு, மௌன வாசிப்பு, இதெல்லாம் உங்களுக்குப் பிடித்திருந்தால் அப்படியே தொடருங்கள், அவற்றுக்கு எந்த ஆய்வகத்தின் அனுமதியும் வேண்டாம்.

கடைசியாகப் புத்தகங்கள். எடைக்குப் போடாதீர்கள், ஆனால் எல்லாவற்றையும் பொக்கிஷம் என்றும் காக்க வேண்டாம். அச்சுப் புத்தகங்களில் பெரும்பாலானவை வேறு எங்காவது இருக்கும். அடையாறு நூலகம் 1886இலிருந்து இருக்கிறது, பிரதி இல்லாத ஏதாவது உங்களிடம் இருக்கிறதா என்று பட்டியல் போட்டுக் கேட்டுப் பாருங்கள். இராமபாணப் பூச்சி விழுந்திருந்தால் நேர் வெயிலில் வைக்க வேண்டாம், தாள் நொறுங்கிவிடும். நிழலில் காற்றாட விரித்து, மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். தாத்தா லாட்ஜ் செயலாளர் என்றீர்கள், அப்படியானால் பீரோவின் அடித்தட்டில் கூட்டக் குறிப்பேடுகள் இருக்கும். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், எந்தச் சாதிக்காரர் பக்கத்தில் எந்தச் சாதிக்காரர் உட்கார்ந்து காபி குடித்தார், சந்தா எத்தனை அணா என்று அவர் கையெழுத்தில். அதற்கு இரண்டாவது பிரதி உலகத்தில் எங்கும் கிடையாது. முதலில் அதை ஸ்கேன் செய்துவிடுங்கள், மை மங்குவதற்குள்.